வடசென்னையில் வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தை: எந்தக் கதவை முதலில் தட்டுவது?

பேச்சு வராத பிள்ளைக்கு எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் மூன்று வைத்தியம் சொல்வார்கள். நாக்கில் வசம்பை இழைத்துத் தடவுவது ஒன்று. கோயிலுக்கோ தர்காவுக்கோ நேர்ந்துகொள்வது இரண்டு. மூன்றாவதுதான் ஆபத்தானது: "அவனுடைய அப்பாவும் நான்கு வயதில்தான் பேசினார், பொறுத்திரு."

அந்த மூன்றாவது வைத்தியத்தில் நாங்கள் பத்து மாதங்களை இழந்தோம். என் மகனுக்கு இப்போது பதின்மூன்று வயது, ஆட்டிசம். அவனைத் தோளில் போட்டுக்கொண்டும், பிறகு கையைப் பிடித்துக்கொண்டும், இப்போது அவன் பின்னால் ஓடிக்கொண்டும் ஏறி இறங்கிய படிகளை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். எண்ணூர், திருவொற்றியூர், மணலி, மாதவரம், ராயபுரம், வியாசர்பாடிப் பக்கம் இருக்கும் பெற்றோரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்களுக்கு மருத்துவமனையின் பெயர் மாறும். வரிசை பெரிதாக மாறாது.

எப்போது கிளம்ப வேண்டும்

இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, நான்கு மாதத்தில் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதத்தில் பிடிமானமின்றி உட்காரவில்லை, ஒரு வயதில் மழலை ஒலிகூட இல்லை, ஒன்றரை வயதில் நடக்கவில்லை அல்லது எதையும் விரல் நீட்டிக் காட்டவில்லை, இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரு சொற்களைச் சேர்க்கவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள். இவை வரம்புகள்தான், தீர்ப்பு அல்ல. தாண்டிய பிள்ளைகள் பலர் பின்னால் சரியாகிவிடுவார்கள். ஆனால் அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும், மாடி வீட்டுப் பெரியம்மா அல்ல.

எந்த வயதிலும் காத்திருக்கக் கூடாத அறிகுறி ஒன்று உண்டு. சொல்லிக்கொண்டிருந்த சொற்கள் மறைவது, செய்துகொண்டிருந்த டாட்டா நிற்பது. வந்த திறன் திரும்பிப் போனால் அடுத்த நாளே மருத்துவரிடம் போங்கள்.

விரல் நீட்டுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம். என் மகன் பிஸ்கட் டப்பா வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் டப்பாவின் மேல் வைப்பான். எவ்வளவு சாமர்த்தியம் என்று சிரித்தோம். தனக்கு வேண்டியதைக் கேட்பது வேறு. காக்காயைக் காட்டி "நீயும் பார்" என்பது வேறு. இரண்டாவது அவனிடம் இல்லை என்பதை நாங்கள் கவனிக்கவே இல்லை.

"செல்போன் பார்த்ததால்தான் இப்படி" என்று எல்லோரும் சொல்வார்கள். திரையைக் குறைப்பது நல்லதுதான். குழந்தையோடு பேசும் நேரம் கூடும். ஆனால் ஆட்டிசத்துக்குச் செல்போன் காரணமல்ல. குற்றவுணர்ச்சியைச் சுமந்துகொண்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டாம். வரிசையே போதுமான பாரம்.

முதல் கதவு பக்கத்திலேயே இருக்கிறது

பெரிய மருத்துவமனைக்கு ஓடுவதற்கு முன் அங்கன்வாடியிலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சொல்லுங்கள். ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்று 2013இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. பிறப்பு முதல் 18 வயது வரை பிறவிக் குறைபாடு, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் தேடிப் பரிசோதிப்பது அதன் வேலை. அதன் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். எப்போது வருவார்கள் என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டு வையுங்கள். அந்தக் குழு எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டு இருந்தால் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் என்று எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். சென்னைக்கு அது எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் இருக்கிறது.

குழு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சீட்டு இல்லாமலே எழும்பூரிலோ ஸ்டான்லியிலோ ஓ.பி. போடலாம். திருவொற்றியூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு 2021க்குப் பிறகு எழும்பூர் கிட்டத்தில் வந்துவிட்டது. விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, அடுத்த வழித்தடத்தில் ஒரே ஒரு நிலையம். லிஃப்ட் உண்டு, கூட்டமும் குறைவு. சத்தம் தாங்காத பிள்ளையோடு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் நெடுஞ்சாலையில் பஸ்ஸில் வந்தவர்களுக்கு இந்த வசதியின் அருமை தெரியும்.

மூன்றாவது இடத்தின் பெயரைச் சொன்னாலே பலர் முகம் சுளிக்கிறார்கள்: கீழ்ப்பாக்கம். 1794இலிருந்து இயங்கும் மனநல மருத்துவமனை அது. அந்தப் பெயரை வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறது நம் ஊர். குழந்தைகளுக்கான ஆலோசனைப் பிரிவும், அறிவுத்திறன் சோதனை செய்யும் உளவியலாளர்களும் அங்கே இருக்கிறார்கள். என் மாமியார் வாசல் வரை வந்து, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியிலேயே நின்றார். இரண்டாம் முறை உள்ளே வந்தார். மூன்றாம் முறை எங்களுக்கு முன்னால் நடந்தார்.

மருத்துவரின் ஐந்து நிமிடத்தைப் பயன்படுத்துவது

உங்களுக்குக் கிடைக்கப்போவது சில நிமிடங்கள். பேசுகிற பிள்ளை அங்கே பேசாது, கத்துகிற பிள்ளை அங்கே சாதுவாக இருக்கும். அதனால் முந்தைய வாரமே செல்போனில் சின்னச் சின்ன வீடியோக்கள் எடுத்து வையுங்கள்: சாப்பிடும்போது, பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, மற்ற பிள்ளைகளோடு இருக்கும்போது, அடம்பிடிக்கும்போது. ஒவ்வொன்றும் அரை நிமிடம் போதும். ஒரு தாளில் எழுதி வையுங்கள்: பிறந்த எடை, எத்தனையாவது மாதம், உடனே அழுததா, இன்குபேட்டரில் எத்தனை நாள், மஞ்சள் காமாலை, வலிப்பு, எந்த மாதத்தில் என்ன செய்தது. வலிப்பு வந்ததை மட்டும் மறைக்காதீர்கள்.

எந்த முடிவுக்கும் முன்னால் காது கேட்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். தட்டைத் தட்டினால் திரும்புகிறானே என்பது சோதனை அல்ல. பெரா என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. குழந்தையைத் தூங்கவைத்துத் தலையில் மின்முனைகள் ஒட்டிப் பார்ப்பார்கள், வலிக்காது. தூக்கம் கெட்டுப் போய் வந்தால்தான் அங்கே தூங்கும் என்பதால் முந்தைய இரவு எங்களுக்கும் சிவராத்திரிதான். கேட்கும் திறன் கடுமையாகக் குறைந்திருந்தால் உள்காதில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது. அதற்கு வயது முக்கியம். தள்ளிப்போட்டால் வாய்ப்பே போய்விடும்.

"இதற்குப் பெயர் என்ன?" என்று கேட்கத்தான் நமக்குத் துடிக்கும். "நாளையிலிருந்து என்ன பயிற்சி தொடங்கலாம்?" என்று கேட்டுவிட்டு வெளியே வாருங்கள். பெயர் முடிவாக மாதங்கள் ஆகலாம். பயிற்சிக்குப் பெயர் தேவையில்லை.

தெரபி: தூரத்துப் பெரியது, பக்கத்துச் சிறியது

இங்கேதான் வடசென்னைக்காரனின் வயிற்றெரிச்சல். பெயர் பெற்ற அமைப்புகள் எல்லாம் கூவத்துக்கு அந்தப் பக்கம். 1985இல் தொடங்கிய வித்யா சாகர் கோட்டூர்புரத்தில். மதுரம் நாராயணன் மையம் தியாகராய நகரில். பலவகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில். கத்திவாக்கத்திலிருந்து பார்த்தால் நகரத்தின் மறுகோடியையும் தாண்டி.

முதல் ஓராண்டு வாரம் மூன்று நாள் தெற்கே போனோம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், பயிற்சி நாற்பத்தைந்து நிமிடம். திரும்பி வரும்போது அவனும் அழுவான், என் மனைவியும் அழுவாள். பிறகு மாற்றிக்கொண்டோம். தெற்கே உள்ள பெரிய மையத்துக்கு ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும்: முழு மதிப்பீடு, அடுத்த ஆறு மாதத்துக்கான வீட்டுப் பயிற்சித் திட்டம். வாராந்திரப் பயிற்சிக்கு நடந்து போகும் தூரத்தில் ஓர் எளிய மையம். அதற்குப் பிறகுதான் மாற்றம் தெரிந்தது. யாருக்கும் நான் சொல்லும் முதல் யோசனை இதுதான். முட்டுக்காடு நிறுவனத்தில் 2021 முதல் சிறு குழந்தைகளுக்கான ஆரம்ப இடையீட்டு மையம் இருக்கிறது. அந்த ஆறுமாதப் பயணத்துக்கு அது தகும். மாநில அரசின் உரிமைகள் திட்டத்தின் கீழ் "விழுதுகள்" என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்களும் தெரபி வண்டிகளும் வந்திருக்கின்றன. உங்கள் பகுதிக்கு எது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

தெருவுக்கு ஒரு தெரபி மையம் முளைத்திருக்கும் காலம் இது. பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர், சிறப்பாசிரியர் மூவரும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பயிற்சியின்போது பெற்றோர் உள்ளே உட்காரலாமா என்று கேளுங்கள். கதவைச் சாத்திக்கொள்ளும் இடத்தில் என் பிள்ளையை விடமாட்டேன். மூன்று மாதத்தில் எதை எட்டப் போகிறோம் என்று எழுதித் தருவார்களா என்றும் கேளுங்கள். "முழுவதும் குணப்படுத்திவிடுவோம், கியாரண்டி" என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். ஸ்டெம் செல் ஊசிக்காக நகையை அடகு வைத்த குடும்பத்தை எனக்குத் தெரியும். ஆட்டிசத்துக்கு அதைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைப் பிரிவு 2022இல் சொல்லிவிட்டது.

வாரத்தில் இரண்டு மணி நேரம் தெரபி என்றால் மீதி நூற்று அறுபத்தாறு மணி நேரம் வீட்டில்தான். விரலுக்கு வலு வேண்டுமா, சப்பாத்தி மாவு பிசையட்டும், பட்டாணி உரிக்கட்டும், துணிக் கிளிப்பைக் கொடியில் மாட்டட்டும். கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்ய, அம்மா வைத்த கோலப் புள்ளிகளின் மேல் ஒவ்வொரு புளியங்கொட்டையாக வைக்கட்டும். மணலைத் தொட்டாலே கூசும் பிள்ளையைத் திருவொற்றியூர்க் கடற்கரைக்குக் காலை ஆறு மணிக்கு, கூட்டம் வருவதற்கு முன், செருப்போடு கூட்டிப்போய், ஒரு மாதம் கழித்துச் செருப்பைக் கழற்றலாம். பேச்சுக்கு, கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுப்பதை நிறுத்துங்கள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நொடி காத்திருங்கள். பாட்டிகளுக்கு அந்தப் பத்து நொடிதான் உலகத்திலேயே கடினமான தெரபி.

சான்றிதழும் அட்டையும்

"முத்திரை விழுந்துவிடும், நாளைக்குத் தங்கைக்குச் சம்பந்தம் வராது" என்று மாற்றுத்திறனாளிச் சான்றிதழைத் தள்ளிப்போடாத குடும்பம் இல்லை. சான்றிதழ் உங்கள் பீரோவில்தான் இருக்கப் போகிறது, வாசலில் ஒட்டப்போவதில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு எல்லாம் அதில் உண்டு. சான்றிதழில் எழுதும் குறைபாட்டு அளவு 40 சதவீதமானால்தான் பெரும்பாலான பலன்கள் தொடங்குகின்றன. விண்ணப்பம் மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில். இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று போதும். மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்து, ஒப்புகைச் சீட்டோடு அவர்கள் சொல்லும் நாளில் போக வேண்டும். 2024 அக்டோபரில் திருத்திய விதிகளின்படி மாற்றுத்திறனாளி அடையாள அட்டை மூன்று நிறம்: 40க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80 முதல் நீலம்.

சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் விளக்குவதில்லை. அறிவுசார் குறைபாட்டுக்கு, அன்றாடத் திறன்களை அளக்கும் வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலின் மதிப்பெண்ணை வைத்து, 2024 வரை நடப்பிலிருந்த 2018 வழிகாட்டியின்படி 55 முதல் 69 வரை 50 சதவீதம், 36 முதல் 54 வரை 75 சதவீதம், 21 முதல் 35 வரை 90, அதற்கும் கீழே 100. 70 முதல் 84 வரை என்றால் 25 சதவீதம்தான்; எல்லைக்கோட்டுப் பிள்ளைகள் எதிலும் சேராமல் தவிப்பது இதனால்தான். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது பெற்றோர். "தானே சாப்பிடுவானா?" என்றால் பெருமைக்காக "ஓ, சாப்பிடுவான்" என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் பிசைந்து, தட்டைப் பிடித்து, இருபது முறை சொன்ன பிறகு சாப்பிடுகிறான் என்றால் அதைச் சொல்லுங்கள். நாங்கள் முதல் முறை மகனைப் புகழ்ந்துவிட்டு வந்து, மறு மதிப்பீட்டுக்கு ஓராண்டு அலைந்தோம்.

சிறு குழந்தைக்குக் கிடைப்பது பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ். காலாவதித் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயதுக்கு முன் சான்றிதழ் தர மாட்டார்கள். ஆட்டிசத்தோடு அறிவுசார் குறைபாடும் இருந்தால் இரண்டையும் குறிப்பிடும்படி கேளுங்கள். காரணம் அடுத்த பகுதியில்.

பணம், பயணம்

தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதம் போதும். கடும் பாதிப்பு என்ற வகையில் கேட்டால் 75 வேண்டும். சான்றிதழின் சொற்கள் முக்கியம் என்றது இதற்காக. சென்னை மாவட்டம் 2018இல் விரிந்ததால் திருவொற்றியூர், மாதவரம் வட்டங்கள் சென்னையில் சேர்ந்துவிட்டன; மீஞ்சூரும் பொன்னேரியும் திருவள்ளூர். மாவட்டம் மாறி விண்ணப்பித்தால் இரண்டு மாதம் கழித்துத்தான் திருப்பி அனுப்புவார்கள்.

மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிரமயா காப்பீடு ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு நான்குக்கும் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. மருத்துவப் பரிசோதனை கிடையாது, தெரபி கட்டணத்துக்கும் ஒரு பகுதி உண்டு. ரசீதுகளில் மையத்தின் முத்திரையும் பயிற்சியாளரின் பதிவு எண்ணும் இருக்கட்டும்.

மாநகர சாதாரணக் கட்டண பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் 2021 முதல் டிக்கெட் இல்லை. துணையின்றிப் பயணிக்க முடியாத அறிவுசார் குறைபாடுள்ளவருக்கும் துணைக்கும் ரயிலில் 75 சதவீதம் வரை சலுகை, சீசன் டிக்கெட்டில் பாதி.

பள்ளி

கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் மாற்றுத்திறன் குழந்தைகளை வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் சேர்த்தது. தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடங்களுக்கு அவர்களும் விண்ணப்பிக்கலாம். 2016 சட்டத்தின் 31ஆம் பிரிவு, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை தருகிறது. எங்கே என்பது உங்கள் விருப்பம்.

சட்டம் இப்படி. நடப்பில், ஒரு பள்ளியின் அலுவலகத்தில் எங்களை உட்காரக்கூடச் சொல்லாமல் "மற்ற பெற்றோர் ஆட்சேபிப்பார்கள்" என்றார்கள். அன்று தலைகுனிந்து வந்தோம். இன்று என்றால் சேர்க்கை விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, மறுப்பையும் எழுத்தில் கேட்டிருப்பேன். எழுத்தில் மறுக்கப் பெரும்பாலும் யாரும் துணிவதில்லை. எழுதிக் கொடுத்தாலும் நல்லதுதான். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் அதுவே ஆதாரம்.

என் அனுபவத்தில் மாநகராட்சிப் பள்ளிகள் கதவை எளிதாகத் திறக்கின்றன. சேர்ந்ததும் தலைமையாசிரியரிடம் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் எந்த நாளில் வருகிறார் என்று கேளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் கீழ் இயன்முறை சிகிச்சை, மருத்துவ முகாம், உபகரணங்கள், பயணப்படி, பள்ளிக்கே வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கு வந்து கற்பிப்பது எல்லாம் இருக்கின்றன. பெண் குழந்தைக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதம் ஊக்கத்தொகையும் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.

பத்தாம் வகுப்பில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்தில் விலக்கு ஆகிய சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத்துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முடியும்போதே காகிதங்களைத் தயார் செய்துவிடுங்கள்.

வீட்டில் மற்றவர்கள்

என் மகள் ஒருநாள் தன் பள்ளிக் கட்டுரையில் "எங்கள் வீட்டில் நான்கு பேர், மூன்று பேர் எப்போதும் மருத்துவமனையில் இருப்பார்கள்" என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு சனிக்கிழமை மாலை அவளுக்கு மட்டும் என்று ஒதுக்கினோம். தம்பிக்கு என்ன என்று அவளுக்கு ஆறு வயதிலேயே சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முந்திக்கொண்டார்கள்.

தெரபிக்கு அழைத்துப்போவது தாயின் வேலை என்று நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். அப்பாக்கள் வாரத்தில் ஒரு நாளாவது அந்தப் பெஞ்சில் உட்காருங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் மற்ற பெற்றோரிடம் கிடைக்கும் தகவல் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. இந்தக் கட்டுரையில் பாதி அந்தப் பெஞ்சில் கேட்டதுதான்.

பதினெட்டுக்கு முன்

பிள்ளைக்கு 18 முடிந்த நாளிலிருந்து சட்டப்படி அவர் மேஜர். வங்கிக் கணக்கு, சொத்து, அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்து எதற்கும் பெற்றோர் என்ற உறவு மட்டும் போதாது. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999 சொல்லும் அந்த நான்கு வகைக் குறைபாடுகளுக்கும் உள்ளூர் நிலைக் குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்றிதழ் பெற வேண்டும். குழுவின் தலைவர் மாவட்ட ஆட்சியர். பிறப்புச் சான்றிதழ், மாற்றுத்திறனாளிச் சான்றிதழ், பெற்றோரின் அடையாளச் சான்றுகளோடு மனு கொடுக்க வேண்டும். எங்களுக்கு இன்னும் ஐந்தாண்டு இருக்கிறது. கோப்பில் ஓர் உறை ஒதுக்கிவிட்டேன். சென்னை ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலையில், கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். இத்தனை ஆண்டு அலைச்சலில், நம் பக்கத்திலேயே இருக்கும் ஒரே அலுவலகம் அதுதான்.